டப்பா மாப்பிள்ளையும் ஐஸ் மாப்பிள்ளையும்

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு வந்த முதல் பெரிய சோதனை காய்கறியின் உருவத்தில் வந்தது. அதுவரை இருவருக்கும் ஒரு தகராறும் கிடையாது. காய்கறி அவர் வழிக்கு வராது, அவரும் அதன் வழிக்குப் போகமாட்டார். மதியத்துக்கு ரொட்டியும் இறைச்சியும், ராத்திரிக்கு முட்டை, பசித்தால் பிஸ்கட். மனைவி எதையாவது வேகவைத்துத் தட்டில் போட்டால் முதலில் ஓரமாக ஒதுக்குவார். ஒதுக்கியதை இன்னும் கொஞ்சம் ஒதுக்குவார். கடைசியில் தட்டின் விளிம்பில் கழற்றிப்போட்ட நட்டு போல்ட்டைப் போல வரிசையாக அடுக்கிவிட்டு, கை கழுவப் போய்விடுவார்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. நான்காவது மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏறி வருவதற்குள் நாக்கு தள்ளியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அவர் வாழ்க்கையின் பெரிய கேலி. ஊரையே ஏற்றி இறக்கியவர், தன் வீட்டுக்கு மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். காலையில் கழிப்பறைக்குள் போனவர் செய்தித்தாளை முழுக்கப் படித்து முடித்தும் வெளியே வருவதில்லை. மனைவி அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், அவர் வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார்.

"உங்க தட்டுல பச்சையா ஏதாவது கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"என் தட்டே பச்சைதான் டாக்டர். எனாமல் தட்டு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தினமும் ரெண்டு வேளை காய்கறி சாப்பிடணும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் ரத்தம் எடுப்போம்."

மனைவி குறுக்கிட்டாள். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறாள். காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். "தினமும் சந்தைக்குப் போக எனக்கு நேரமில்லைங்க டாக்டர். வாரத்துக்கு ஒரு தடவை வாங்கி வச்சா ஃப்ரிட்ஜுலயே வாடிப்போயிடுது."

"அப்படி வாடினதுல சத்தும் போயிடும். அதுக்கு டப்பாவுல அடைச்சதோ, ஐஸ்ல உறைய வச்சதோ வாங்கிக்குங்க."

இரண்டு 'ஓ' போட்டார் டாக்டரம்மா. அந்த இரண்டு 'ஓ'வும் சேர்ந்து அந்தக் குடும்பத்தை என்ன பாடு படுத்தப்போகின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் புருஷன் காய்கறியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சின்னவள் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் அதே சாலையில், எதிர்ச்சாரியில் இருக்கும் உறைகாய்கறித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சகலைகள் இருவரும் வேலைக்குப் போகும்போது எதிரெதிர் வாசலில் நின்று கையசைத்துக்கொள்வார்கள். பெரிய மாப்பிள்ளை எதை எடுத்தாலும் விரலால் ஒருமுறை தட்டிக் காதில் வாங்குவார். டப்பாவைத் தட்டித் தட்டி வந்த பழக்கம், மாமனார் வீட்டுத் தர்பூசணியும் தப்பாது, கதவும் தப்பாது. சின்னவர் வெயில் காலத்திலும் பஞ்சு வைத்த மேல்சட்டையோடு அலைவார். குளிர் உள்ளே ஏறிவிட்டது, இனி இறங்காது என்பார்.

டாக்டர் சொன்னதை மனைவி இரண்டு பெண்களுக்கும் போனில் சொன்னாள். அன்று சாயங்காலமே பெரிய மாப்பிள்ளை ஒரு அட்டைப்பெட்டி நிறைய டப்பாக்களோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அவர் மூச்சு அடங்குவதற்குள் சின்ன மாப்பிள்ளை தெர்மாக்கோல் பெட்டியோடு வந்து நின்றார். பெட்டியைத் திறந்ததும் புகைபோல் குளிர் கிளம்பியது.

"மாமா, இது பட்டாணி, இது பீன்ஸ், இது கீரை. அப்படியே பாத்திரத்துல கொட்டி வேகவைக்க வேண்டியதுதான்."

"எதுக்கு சகலை, இவ்வளவு தூரம் ஐஸைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் பெரியவர். "நான்தான் எல்லாம் கொண்டு வந்துட்டேனே. இதுக்கு ஃப்ரிட்ஜும் வேணாம், கரண்டும் வேணாம். அலமாரியில சும்மா கிடக்கும்."

"சும்மா கிடக்கும், சரி. உள்ள சத்து கிடக்குமா?"

அவ்வளவுதான். பெரியவர் கையிலிருந்த டப்பாவை மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்தில் சமையலறையில் இருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

வாக்குவாதம் அரைமணி நேரம் நடந்தது. டப்பாவை மூடிக் கொதி நீராவியில் வேகவிடும்போது வைட்டமின் சி பாதிக்கு மேல் பறந்துவிடும் என்றார் சின்னவர். உங்கள் காயையும் உறைய வைப்பதற்கு முன்னால் வெந்நீரில் முக்கித்தானே எடுக்கிறீர்கள், அதை ஏன் மறைக்கிறீர்கள் என்றார் பெரியவர். முக்குவது ஒரு நிமிஷம், நீங்கள் அவிப்பது ஒரு ஜென்மம் என்றார் சின்னவர். நடுவில் மனைவி இரண்டு முறை வந்து, "இப்ப எதைச் சமைக்கட்டும்?" என்று கேட்டாள். இரண்டு முறையும், "இருங்க அத்தை, முதல்ல இதை முடிச்சுடறோம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் நேரமாகிவிட்டது என்று அவள் முட்டையைப் பொரித்துப் போட்டாள்.

அவர் அந்த முட்டையை ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போதே அவருக்குள் ஒரு விளக்கு எரிந்தது. டப்பாவா ஐஸா என்பது முடிவாகாத வரைக்கும் டப்பாவும் வராது, ஐஸும் வராது. லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்திவைத்து, மேலேயும் போகவிடாமல் கீழேயும் இறங்கவிடாமல் நாள் கணக்கில் பார்த்துக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு.

மறுநாள் காலையில் அவர் சத்துணவு விஞ்ஞானம் படிக்க ஆரம்பித்தார்.

வாழ்க்கையில் லிஃப்ட் கம்பெனி கையேட்டைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடாதவர், நூலகத்தில் போய் உட்கார்ந்தார். போனில் வீடியோ பார்த்தார். டப்பாக்களின் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். கணவர் திருந்திவிட்டார் என்று மனைவி கடையில் எல்லாரிடமும் சொன்னாள்.

படித்ததை அவர் வீணாக்கவில்லை. சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளை, நான் சொன்னதா சொல்லாதீங்க. டப்பாவுல உப்பு எவ்வளவு போடறாங்கன்னு உங்க சகலையைக் கேளுங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தா யார் பொறுப்பு?"

அது போய் விழுந்து வெடித்ததும் பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளை, என் பேர் வெளிய வரக்கூடாது. டப்பாவுல இருக்கற தண்ணியை வடிச்சிட்டு, காயை ஒரு தடவை அலசிட்டா உப்புல நிறைய போயிடுமாமே. அதுமட்டுமில்ல, தக்காளியைச் சூடு பண்ணப் பண்ணத்தான் அதுல இருக்கற லைகோபீன்ங்கற சிவப்புச் சத்து உடம்புல ஒட்டுதாம். உங்க சகலைகிட்ட லைகோபீன்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பார்."

சின்னவர் முழித்தார் என்று அன்று ராத்திரியே செய்தி வந்தது. மாமனார் போர்வைக்குள் சிரித்தார்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாப்பிள்ளைகள் வருவார்கள், வாதாடுவார்கள், மாமனார் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. ஒரு முடிவுக்கு வாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடறேன்" என்பார். முடிவு வராது. இறைச்சி வரும்.

ஆனால் நெருப்பை அடுப்புக்குள்ளேயே வைத்திருப்பது சுலபமில்லை. மாப்பிள்ளைகளின் சண்டை பெண்களிடம் தாவியது. "உன் புருஷன் அவிச்ச சக்கையை எங்கப்பாவுக்குக் கொடுக்கப் பாக்கறார்" என்று சின்னவள் சொன்னாளாம். "எனக்கும் அவர் அப்பாதான்டி" என்று பெரியவள் போனை வைத்துவிட்டாளாம். தினமும் பேசிக்கொள்ளும் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். தொழிற்சாலை வாசலில் கையசைப்பதும் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தனியாக வந்தாள். அவள் தலையைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பக்கம் முடி தோள்வரை தொங்கியது, இன்னொரு பக்கம் காதோடு நின்றது.

"என்னம்மா இது?"

"வேற கடையில வெட்டிக்கிட்டேன்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தலையில் தங்கையைத் தவிர வேறு யாரும் கத்திரி வைத்ததில்லை. பொம்மைக்கு வெட்டிப் பழகிய கையோடு முதன்முதலில் சின்னவள் வெட்டியதே அக்காவின் முடியைத்தான். பெரியவள் கண்ணாடி பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று போட்ட இறைச்சியை அவரால் முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

சரி, போதும், நிறுத்திவிடுவோம் என்று நினைத்தார். நிறுத்தியும் இருப்பார். ஆனால் மறுநாள் காலையில், "நாளையிலேர்ந்து டப்பா கீரை வாங்கிட்டு வந்து சமைக்கப்போறேன். நான் முடிவு பண்ணிட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். கீரை! இன்னும் ஒரே ஒரு முறை, கடைசி முறை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்று போனை எடுத்தார்.

போனில் ஒருவர் 'மாப்பிள்ளை 1', இன்னொருவர் 'மாப்பிள்ளை 2'. மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் மேசைமேல் இருந்தது.

எடுத்தவர் 'ஹலோ' சொல்வதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. "மாப்பிள்ளை, அவசரம். அந்த டப்பாக்காரர் ஜெயிச்சிடுவார் போல இருக்கு. நாளைக்குக் கீரையாம். நீங்க உடனே உங்க அத்தைக்குப் போன் பண்ணி, டப்பாக் கீரையில வைட்டமின் சியும் இல்ல, ருசியும் இல்ல, அது வெறும் பச்சைச் சகதின்னு சொல்லுங்க. அன்னைக்கு நான் அவருக்கு லைகோபீன் எடுத்துக் கொடுத்தது தப்பாப் போச்சு, மனுஷன் அதைப் பிடிச்சிக்கிட்டு ஆடறார். அவரை இந்த வாரம் கொஞ்சம் இறக்கணும்."

மறுமுனையில் யாரோ தகரத்தை விரலால் தட்டுவது போல மெல்ல ஒரு சத்தம் கேட்டது. டொக். டொக்.

"மாமா," என்றார் பெரிய மாப்பிள்ளை நிதானமாக. "டப்பாக்காரர்தான் பேசறேன்."

அவர் போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இனிமேதான்" என்றார் இவர்.

அன்று மதியம் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு சின்ன மாப்பிள்ளைதான் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்ததும் பெரியவர் சாலையைக் கடந்து எதிர்த் தொழிற்சாலை வாசலுக்குப் போயிருக்கிறார். காவலாளி, 'அந்தப் பக்கத்து ஆள்' என்று உள்ளே விட யோசித்தானாம். சகலைகள் இரண்டு பேரும் வாசல் சுவரில் சாய்ந்துகொண்டு, யார் யாரிடம் எப்போது எதைச் சொன்னது என்று ஒன்றொன்றாகப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். உப்பு, மாமா. லைகோபீன், மாமா. 'அவிச்ச சக்கை' என்ற சொல்கூட மாமா. முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிப்பு அடங்கியதும் மறுபடியும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது.

இருட்டும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாப்பிள்ளைகள் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். பின்னால் பெண்கள் இருவரும், ஒருவரையொருவர் பார்க்காமல். மாப்பிள்ளைகள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"மாமா, முடிவுக்கு வந்துட்டோம்," என்றார் சின்னவர்.

"ரெண்டும்," என்றார் பெரியவர்.

மனைவி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மாப்பிள்ளைகள் அவளை உட்காரவைத்து நடந்ததெல்லாம் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கணவரைப் பார்த்து, "என்னங்க, ஒரு காயைத் தின்னாம இருக்கறதுக்கா இவ்வளவு படிச்சீங்க? இதுல பாதியைச் சின்ன வயசுல படிச்சிருந்தா நீங்களே டாக்டர் ஆகியிருக்கலாமே" என்றாள்.

அவர் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பெரிய மாப்பிள்ளை அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரே ஒரு தக்காளி டப்பா உருண்டு விழுந்தது.

"அத்தை, நான் ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து வச்சேனே?"

"என்னோடதும் ஒரு பொட்டலம்தான் இருக்கு," என்றார் சின்னவர், ஃப்ரிட்ஜின் ஐஸ் அறைக்குள்ளிருந்து தலையை எடுத்து.

மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நீங்க பேசி முடிக்கற வரைக்கும் வீணாக்க முடியுமா? தினமும் மதியத்துக்கு எடுத்துட்டுப் போனேன். கடையில எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு. நான்கூட முன்ன மாதிரி சோர்ந்து போறதில்ல."

சகலைகள் இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள். "எது அத்தை? எது நல்லா இருந்துச்சு?"

"எனக்கு எங்க தெரியும்? ரெண்டையும் ஒண்ணாக் கொட்டித்தானே வதக்கினேன்."

மிஞ்சியிருந்த தக்காளி டப்பாவும் பட்டாணிப் பொட்டலமும் ஒரே வாணலியில் விழுந்தன. தக்காளியைப் பெரியவர் கிளறினார். பட்டாணியை எப்போது போட வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று சின்னவர் பக்கத்தில் நின்று உத்தரவு கொடுத்தார். முடிந்ததும் சோற்றோடு தட்டில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள், போலீஸ்காரர்கள் மாதிரி.

அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். தொண்டைக்குள் அது இறங்கும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க மாமா," என்றார் சின்னவர். "மனசாட்சியோட சொல்லுங்க. பட்டாணியா, தக்காளியா?"

பெரியவர் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

வழி திறந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. 'பட்டாணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவர் எழுந்துவிடுவார். லிஃப்ட் மறுபடியும் நடுவில் நிற்கும். நாளைக்கு முட்டை, நாளன்றைக்கு இறைச்சி. வார்த்தை நுனிநாக்குவரை வந்துவிட்டது.

அப்போது சமையலறையிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. "அசையாதே. எந்தப் படுபாவி வெட்டினான் இதை? கழுத்தைக் குனி." அவர் எட்டிப் பார்த்தார். பெரியவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், தோளில் பாத்திரம் துடைக்கும் துணி. தங்கை கைப்பையிலிருந்த கத்திரியை எடுத்து நீளமான பக்கத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தரையில் முடி விழுந்துகொண்டிருந்தது. "ரொம்பக் குட்டையா வேணாம்டி," என்றாள் அக்கா. "உனக்கு இனிமே வேற வழி இல்ல," என்றாள் தங்கை.

அவர் தட்டைப் பார்த்தார்.

"ரெண்டுமே கேவலமா இருக்கு," என்றார்.

முதலில் சமையலறையிலிருந்து பெரியவளின் சிரிப்பு வெடித்தது. அசையாதே என்று அதட்டிய சின்னவளே கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதவர்கள் சகலைகள் மட்டும்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டவர்களை முதல் முறையாக ஒரு மூன்றாம் ஆள் சேர்த்துவைத்துத் திட்டியிருக்கிறார்.

"கேவலமா?" என்றார் பெரியவர். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சமைச்சதா?"

"அடுத்த வாரம் பாருங்க மாமா," என்றார் சின்னவர். "உங்களை நல்லா இருக்குன்னு சொல்ல வைக்காம விடமாட்டோம்."

"அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க," என்றார் பெரியவர், தட்டை இன்னும் அருகில் தள்ளி.

அவர் சாப்பிட்டார். விளிம்பில் எதையும் அடுக்கவில்லை. அடுக்கவிடாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், தக்காளி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதை அவர் வெளியே சொல்வதாக இல்லை.

நன்றாக இருட்டியதும் எல்லாரும் புறப்பட்டார்கள். பெண்கள் முன்னால் இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளைகள் பேசிக்கொண்டே பின்னால் இறங்கினார்கள். அவர் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கு வந்ததும் பெரியவரின் குரல் மேலே மிதந்து வந்தது.

"இருந்தாலும் சகலை, கேரட்டை டப்பாவுல அடைச்சா பீட்டா கரோட்டின் சுத்தமாப் போயிடும்னு நீங்க சொன்னதை நான் ஒத்துக்கறேன்."

"ஆமா, சூட்டுல எல்லாமே போயிடும்," என்றார் சின்னவர் பெருந்தன்மையாக.

மேலே நின்றவருக்கு உடம்பு துடித்தது. தப்பு! அப்பட்டமான தப்பு! சூட்டில் போவது வைட்டமின் சி. கரோட்டின் பெரும்பாலும் அப்படியே நிற்கும், நார்ச்சத்தும் எங்கேயும் போகாது. நூலகத்தில் இதற்காகவே ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு பெரிய தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இப்படிப் பேசினால் எப்படி?

"மாப்பிள்ளை! நில்லுங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். பேச்சு சுவாரசியத்தில் அவர்கள் காதில் விழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"எங்க போறீங்க இப்ப?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேருக்கும் அடிப்படையே தெரியலடி!" என்று சொல்லிக்கொண்டே அவர் படிகளில் தடதடவென்று இறங்கினார்.